கடைசிக் குழியில் ஒரு பட்டாணி

"அசையாதீங்க! அந்தக் காலைக் கீழே வைக்காதீங்க!"

ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே உறைந்தான். ஒரு கால் கடைசிப் படியில். இன்னொரு கால் அந்தரத்தில்.

முன்வீட்டுக் கொல்லைச் சுவரைத் தாண்டி ஒருத்தி குதித்தாள். காலில் வீட்டுச் செருப்பு. கழுத்தில் மஞ்சள் மப்ளர். கையில் ஒரு காலி ஷூ பெட்டி. குதித்த வேகத்தில் ஈரப் புல்லில் வழுக்கி, மண்டியிட்டு, அவன் பூட்ஸுக்குச் சரியாக ஒரு ஜாண் கீழே இரண்டு கைகளையும் குவித்தாள்.

கைக்குள் ஒரு சிட்டுக்குருவி. கண் மூடியிருந்தது. அலகு லேசாகத் திறந்திருந்தது.

"செத்துடுச்சாங்க?"

"ஷ்ஷ்... அதுக்குச் சத்தம் ஆகாது."

பெட்டிக்குள் ஒரு துணி. துணிமேல் குருவி. மூடியில் ஏற்கெனவே பென்சிலால் குத்திய ஓட்டைகள். இது முதல் முறை இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது. தூறல் அவள் நெற்றியில் விழுந்து, புருவத்தில் தயங்கி, இமை நுனியில் முத்தாக நின்றது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

காலைக் கீழே வைக்கலாமா என்று கேட்கவும் அவனுக்குத் தோன்றவில்லை...

"இந்த ஜன்னல் கண்ணாடியை மாட்டினது யாரு?" நிமிர்ந்தாள். அந்தக் கண்களில் மழையும் இருந்தது, இடியும் இருந்தது.

"நான்தாங்க. இன்னைக்குக் காலைலதான் மாட்டினேன்."

"இவ்வளவு சுத்தமாவா தொடைப்பாங்க? வானம் அப்படியே தெரியுது. மரம் அப்படியே தெரியுது. நிஜ மரம்னு நம்பி வந்து முட்டிடுச்சு, பாவம்!"

"பதினோரு வருஷமா கண்ணாடி வேலை பார்க்கறேன். சுத்தமா தொடைச்சேன்னு திட்டு வாங்கறது இதுதாங்க முதல் தடவை."

சிரிப்பு வந்தது அவளுக்கு. பல்லைக் கடித்து விழுங்கினாள். கோபத்தில் இருக்கும்போது சிரிக்க வைப்பவர்களை அவளுக்குப் பிடிக்காது.

"ஒரு மணி நேரம் இருட்டுல இருக்கணும். பொழைச்சா தானா பறந்துடும்."

"பொழைக்கலைன்னா?"

"உங்களைத் தேடி வருவேன்!"

"பொழைச்சா... வரமாட்டீங்களா?"

திமிர்! பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். குதித்து வந்த சுவரை இப்போது எப்படி ஏறுவது என்று தெரியவில்லை. அவன் ஏணியைத் தூக்கிச் சுவரில் சாத்தினான். ராணி மாதிரி ஏறிப் போனாள்.

ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது குருவி அவளை ஒரு முறை பார்த்தது. தலையை ஒருக்களித்தது. விர்ர்ரென்று பறந்து பின்வீட்டுப் பக்கமே போனது. ஐயோ, மறுபடியும் அந்தக் கண்ணாடி! பதறி ஓடி எட்டிப் பார்த்தாள்.

கண்ணாடியில் வானம் இல்லை. மேலிருந்து கீழ்வரை சோப்புக் கட்டியால் வைத்த வெள்ளைப் புள்ளிகள். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்று. அவன் கடைசி வரிசையில் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை.

குருவி பிழைத்துவிட்டது. அவள் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் அன்று முழுக்க மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்து, நல்லவேளை, கொடுக்கும் முன் மாற்றினாள்.

* * *

அவள் மருந்துக் கடைக்காரி. வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா முப்பது வருடம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய ஸ்டேஷன், பின்னறை ஜன்னல். வெளியே கொல்லையில் தீனித் தட்டு, தண்ணீர்ச் சட்டி, இலை உதிர்ந்த ஒரு மரம். குளிர்காலம் முழுக்க அந்த ஜன்னலருகே உட்கார்ந்து, வருகிற பறவைகளை எண்ணுவார். ஊரில் இப்படி எண்ணுகிறவர்கள் நாற்பது வீடு. எல்லோருடைய தாளும் மாதம் ஒருமுறை பறவைச் சங்கத்துக்குப் போகும். சங்கத்தின் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. தொடர்ந்து பத்தொன்பது குளிர்காலம் எண்ணியவர் என்று அதில் அப்பா பெயர் மட்டும்தான். வேறு பதக்கம் எதுவும் அவர் வாழ்க்கையில் வாங்கியதில்லை.

எண்ணுவதில் ஒரு சட்டம் உண்டு. ஒரே பார்வையில் எத்தனை தெரிகிறதோ, அதில் அதிகபட்சம்தான் கணக்கு. இல்லாவிட்டால் ஒரே குருவி பத்து தடவை வந்துவிட்டுப் போனால் பத்துக் குருவி ஆகிவிடும்.

அப்பா பேனாவைத் தொடமாட்டார். அவருக்கு ஒரு முட்டை அட்டை. முதல் குழி சிட்டுக்குருவி, இரண்டாவது மைனா, மூன்றாவது புறா, நான்காவது வாலாட்டி, ஐந்தாவது காகம். மடியில் ஒரு கிண்ணம் நிறையக் காய்ந்த பட்டாணி. பறவைக்கு ஒரு பட்டாணி வீதம் குழியில் போடுவார். அவள் எட்டு மணிக்குக் கடைக்குக் கிளம்பிய பிறகுதான் அவருடைய எண்ணும் நேரம். சாயங்காலம் வந்து பட்டாணியை எண்ணித் தாளில் எழுதுவது அவள் வேலை.

இந்த வருடம் ஆரம்பத்தில் கணக்கு மிக மோசம். குருவி இரண்டு, காகம் ஒன்று. அவ்வளவுதான்.

"என்னப்பா, பறவையெல்லாம் எங்க போச்சு?"

"குளிர் பாப்பா. அதுங்களுக்கும் போர்வையை விட்டு வர மனசு வரலையோ என்னவோ."

ஆனால் பின்வீட்டில் கண்ணாடிக்காரன் வந்த நாளிலிருந்து எல்லாம் மாறிப்போனது. குருவி ஒன்பது. புறா நான்கு. வாலாட்டி இரண்டு... அப்புறம், இதுவரை எந்தப் பறவைக்கும் ஒதுக்காத மூலையிலிருந்த கடைசிக் குழியில், ஒரே ஒரு பட்டாணி.

"இது என்னப்பா?"

"அதுவா..." அப்பா தாடையைச் சொறிந்தார். "ஒண்ணு வருது. பேர் இன்னும் தெரியலை."

"எப்படி இருக்கும்? வால் நீளமா? அலகு?"

"தெரிஞ்சா சொல்லமாட்டேனா? எழுதிக்கோ, 'தெரியாதது, ஒன்று'."

எழுதிக்கொண்டாள். மறுநாளும் ஒன்று. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அட்டை காலி. "ஞாயிறு பறவைக்கும் லீவு, எனக்கும் லீவு" என்று அப்பா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பின்வீட்டில் வேலை வளர்ந்துகொண்டே போனது. பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி அறை கட்டுகிறார்களாம். காலை ஏழேகாலுக்கு அவள் தீனித் தட்டைக் கழுவி நிரப்பும்போது சுவருக்கு மேலே ஏணி நுனி தெரியும். பிறகு ஒரு குல்லா. பிறகு இரண்டு கண்கள்.

"என்னங்க, இன்னைக்கு ஏதாவது முட்டிச்சா?"

"உங்க தலை முட்டாம இறங்குங்க. அது போதும்."

"முட்டினா அந்த ஷூ பெட்டி எனக்குப் பத்தாதுங்களே..."

"பத்தாதுதான். தலைக்கனம் ஜாஸ்தி!"

உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் சிரிப்பாள். குளிரில் கன்னம் சிவந்திருக்கிறது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொள்வாள். குளிரில்தான்.

* * *

கண்ணாடிக்காரன் வந்து நான்காவது வாரம், திங்கட்கிழமை. பறவைச் சங்கத்தின் செயலாளர் அம்மா மருந்துக் கடைக்கே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இந்தாம்மா உங்க அப்பா தாள். முதல் மாசம் பூரா ரெண்டும் மூணும். திடீர்னு ஒரு நாள்ல எல்லாம் நாலு மடங்கு. சரி, போகட்டும்னு விட்டேன். இது என்ன... 'தெரியாதது, ஒன்று'?"

"அப்பா பார்த்திருக்கார் மேடம்."

"மூணு வாரமாவா? தினமும் ஒண்ணு. ஒண்ணுக்கு மேல இல்லை, நிறம் இல்லை, வால் இல்லை. பக்கத்துல எந்த வீட்லயும் இல்லை. ஊர்ல பேசிக்கறாங்கம்மா. பலகையில பேர் நிக்கணும்னு பெரியவர் இட்டுக்கட்டறார்னு..."

"எங்கப்பா பொய் சொல்லமாட்டார்!"

"எனக்குத் தெரியும். நாற்பது வீட்டுக்கும் தெரியணுமே. வெள்ளிக்கிழமைக்குள்ள அது என்ன பறவைன்னு சொல்லுங்க. இல்லைன்னா இந்த வருஷத் தாளை ஒதுக்கிடுவேன். தொடர்ச்சி அறுந்தா... பலகையிலேருந்து பேரும் போயிடும்."

செயலாளர் அம்மா தொண்டைக்கு ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விட்டார். தாளும் கையுமாக நின்ற மருந்துக் கடைக்காரி காசு வாங்கவே மறந்துபோனாள்.

அன்று ராத்திரி அப்பாவிடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். "தெரியலை பாப்பா" என்பதற்கு மேல் அவர் நகரவில்லை.

அவள் மனசு கணக்குப் போட்டது. கணக்கு எப்போது மாறியது? கண்ணாடிக்காரன் வந்த அன்று. கடைசிக் குழியில் பட்டாணி எப்போது விழுந்தது? அதே நாளில்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குக் கடைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பினாள். தெருமுனை வரை போனாள். எட்டரைக்குச் சத்தமில்லாமல் திரும்பி, பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்கு வந்தாள்.

அவன் சுவர்மேல் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். அப்பா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். "சிட்டு எட்டுங்கய்யா... இல்ல, இன்னொண்ணு இறங்குது, ஒம்பது. புறா நாலு." அவன் சொல்லச் சொல்ல அப்பா பட்டாணியைப் போட்டார். தீனித் தட்டின் பக்கம் அப்பா ஒரு முறைகூடத் திரும்பவில்லை. முகமெல்லாம் சிரிப்போடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓஹோ..."

இருவரும் திடுக்கிட்டார்கள்.

"வயசானவர்னு விளையாடிப் பார்த்தீங்களா? நீங்க வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லுவீங்க, அவர் உங்களை நம்பிப் போடுவார். உங்களுக்குப் பொழுதுபோக்கு. எங்கப்பாவுக்கு அது பத்தொன்பது வருஷம்! ஊரே அவரைப் பொய்யர்ங்குது, தெரியுமா?"

"இல்லைங்க, நான் சொன்னது எல்லாமே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். ஜன்னலில் அப்பாவின் கை லேசாக உயர்ந்திருந்தது. வேண்டாம் என்பதுபோல்.

அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எல்லாமே என்ன? பேசுங்களேன்! தினமும் வாய் ஓயாதே!"

அவன் குல்லாவைக் கழற்றினான். "சரிங்க. இனிமே இந்தச் சுவர்ப் பக்கம் வரமாட்டேன்."

ஏணி நுனி சரிந்து மறைந்தது. அவ்வளவுதான். ஜெயித்துவிட்டாள். ஜெயித்தவளுக்கு ஏன் மூக்கு நுனி எரிந்ததோ...

* * *

புதன்கிழமை. அவள் கடைக்குத் தாமதமாகத்தான் போனாள். எட்டேமுக்கால் வரை பின்னறைக் கதவோரம் நின்று பார்த்தாள்.

கொல்லை நிறையப் பறவை. தட்டைச் சுற்றிச் சிட்டுக்குருவிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சுவர்மேல் நான்கு புறாக்கள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தன. அப்பா ஜன்னலருகே, அட்டையை மடியில் வைத்தபடி...

அட்டை காலி.

"அப்பா, எண்ணலையா?"

"எண்ணறேனே..." அவர் காதை லேசாகச் சாய்த்தார். கண்ணை அல்ல. காதை. "குருவி ஒரு அஞ்சு இருக்கும்."

"புறா?"

"இன்னைக்குப் புறா வரலை பாப்பா."

நான்கு புறாக்களும் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தன. பத்தடி தூரத்தில்.

போன மாதம் டம்ளருக்கு வெளியே ஊற்றிய தேநீர்... குளிரில் கை நடுங்குகிறது என்றாரே. பேப்பர் படிப்பதை நிறுத்தினார்... செய்தியெல்லாம் குப்பை என்றாரே. மருந்துக் கடை வைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் கண் சொட்டு மருந்து எடுத்துக் கொடுக்கிறாள்!

அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "எப்பலேருந்துப்பா?"

அவர் பட்டாணியைக் கிண்ணத்தில் அளைந்துகொண்டே சொன்னார். "வாசல் தெரியுது. வெளிச்சம் தெரியுது. நீ நடந்து வந்தா நிழலாட்டம் தெரியுது. இந்தச் சின்ன ஜீவனுங்கதான்... மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒவ்வொண்ணா மறைஞ்சுபோச்சு."

"ஏன்ப்பா சொல்லலை?"

"முப்பது வருஷம் பாப்பா. வருஷா வருஷம் ரயில்வேயில கண்ணு டெஸ்ட். ஒரு தடவைகூட நான் ஃபெயில் ஆனதில்லை. பெத்த பொண்ணுகிட்ட ஃபெயில் ஆக மனசு வரலை. அப்புறம்... நீ கடையைச் சாத்திட்டு என் பக்கத்துலயே உக்காந்துடுவே."

அவர் மடியில் முகம் புதைத்து அழுதாள். முட்டை அட்டை நசுங்கியது. அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல கண் டாக்டர்கிட்ட போறோம். மறுபேச்சு கிடையாது."

"சரி."

"அழுத்தம்!"

"அதான் சரின்னுட்டேனே. உன்னைவிடவா அழுத்தம்? அந்தத் தம்பியை அந்தப் பேச்சு பேசினியே... அவன் முதல் நாளே கண்டுபிடிச்சுட்டான். சுவர் வழியா தண்ணி கேட்டான். சொம்பை நீட்டினேன், அவன் இருந்த பக்கத்தை விட்டு வேற பக்கம். ஒண்ணும் கேக்கலை. தண்ணியைக் குடிச்சிட்டு, 'ஐயா, குருவி ஆறு உக்காந்திருக்கு'ன்னான். அவ்வளவுதான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான். அவன் சொன்ன எந்த நம்பரும் பொய் இல்லை."

"அப்போ அந்தக் கடைசிக் குழி?"

அழுகைக்கு நடுவிலும் அப்பாவின் மீசை துடித்ததைப் பார்த்தாள். "அதை எண்ணினவன்கிட்டயே கேளு."

செயலாளர் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். "கண்ணு யாருதா இருந்தா என்னம்மா, பார்த்தது நிஜம்னா போதும். ரெண்டு பேர் பேரையும் எழுது. உங்கப்பா பேர் பலகையில இருக்கும். ஆனா ஒண்ணு... அந்தத் தெரியாத பறவைக்குப் பதில் வந்தாகணும். கணக்குன்னா கணக்கு."

* * *

கண்ணாடிப் பட்டறை கடைத்தெருவின் கோடியில். மழையில் நனைந்துகொண்டே உள்ளே நுழைந்தவள் திகைத்து நின்றாள். சுவரெல்லாம் நிலைக்கண்ணாடிகள். பத்துக் கண்ணாடியில் பத்து அவள். பத்து மஞ்சள் மப்ளர், பத்துச் சிவந்த மூக்கு. ஓடி ஒளியவும் இடமில்லை.

மேஜையில் ஒரு கண்ணாடிப் பலகைமேல் குனிந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். கோடு கோணலாகப் போனது.

"கெட்டுச்சு..." என்றான். கண்ணாடியைச் சொன்னானா, தன்னைச் சொன்னானா, தெரியவில்லை.

"அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டார்." அவள் குரல் கம்மியது. "நேத்து நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வாயை அடைச்சிருக்கலாம்..."

"சத்தியம் பண்ணிட்டேங்களே."

"அவ்வளவு திட்டினேனே!"

"திட்டு எனக்குப் புதுசாங்க? சுத்தமா தொடைச்சதுக்கே வாங்கினவன்."

இந்த முறை சிரிப்பை விழுங்க முடியவில்லை. சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்து தொலைத்தது. அவன் துடைக்கிற துணியை எடுத்து நீட்டி, அது கண்ணாடி துடைக்கிற துணி என்று உறைத்ததும் அவசரமாகப் பின்னால் மறைத்தான்.

"மன்னிச்சிடுங்க," என்றாள். "இப்ப ஒரு உதவி. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பறவை பேர் வேணும்." பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். "கடைசிக் குழி. பதினெட்டு நாள்ல பதினாறு நாள் வந்திருக்கு. என்ன பறவைங்க அது?"

அவன் காது மடல் இரண்டும் சிவந்தன. பத்துக் கண்ணாடியிலும் சிவந்தன.

"அது... பட்டியல்ல சேர்க்க வேண்டாம்ங்க. அடிச்சிடுங்க."

"எப்படி அடிக்கறது? நீங்க பொய் நம்பர் சொல்லமாட்டீங்கன்னு அப்பா சொன்னார்."

"பொய் இல்லைங்க..."

"அப்போ பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"எப்போ?"

"ஏழேகாலுக்குங்க. ஐயாவுக்கு எட்டு மணிக்கு மேலதான் சொல்லுவேன்."

தாளில் விரலை ஓட்டினாள். "ஒம்பதாந்தேதி இல்லை. பதினாறாந்தேதியும் இல்லை. அந்த ரெண்டு நாள் மட்டும் அது ஏன் வரலை?"

அவன் கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தான். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் முறையாக அவள் கண்களை நேராகப் பார்த்தான்.

"அந்த ரெண்டு நாளும் கடைக்கு மருந்து லாரி வருதுன்னு... நீங்க விடியறதுக்கு முன்னாடியே போயிட்டீங்க."

தாளில் ஓடிய விரல் நின்றது. கண்ணாடியில் இருந்த பத்துப் பேரும் ஒரே சமயத்தில் தலை குனிந்தார்கள்.

தாளைப் பார்த்தபடியே கேட்டாள். "இது... அப்பாவுக்குத் தெரியுமா?"

"நான் பேரே சொல்லலைங்க. வேற என்ன தெரியுது தம்பின்னு கேட்டார். கண்ணு தெரியாத மனுஷன்கிட்ட மறைக்க மனசு வரலை. 'காலைல இன்னும் ஒண்ணு வந்துச்சுங்கய்யா'ன்னு மட்டும்தான் சொன்னேன். அவராவே சிரிச்சுக்கிட்டுக் கடைசிக் குழியில போட்டார்." தயங்கினான். "அப்புறம் போன வாரம் இன்னொண்ணும் சொன்னார்..."

"என்ன சொன்னார்?"

"சொன்னா திட்டுவீங்க."

"சொல்லலைன்னாதான் திட்டுவேன்!"

"'கண்ணு போனா என்ன தம்பி, காது இருக்கு. என் பொண்ணு வருஷக்கணக்கா பின்கதவுத் தாழ்ப்பாளைச் சரியா ஏழு மணிக்குத் திறந்து தீனி வெப்பா. நீ ஏணி சாத்த ஆரம்பிச்ச நாள்லேருந்து ஏழேகாலுக்குத் திறக்கறா. ரயில் ஓட்டினவன்கிட்ட கால் மணி நேரத்தை மறைக்க முடியுமா'ன்னார்." அவன் குரல் இறங்கியது. "அது... நிஜமாங்க?"

அவள் மப்ளரைக் கண் வரை இழுத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"இல்லை... பொய். ஏழு மணிக்கே கதவுக்குப் பின்னால வந்து நின்னுடுவேன். ஏணிச் சத்தம் கேட்டாத்தான் திறப்பேன்."